விருந்தாளி வரும் வருஷம்

வண்டலூருக்குச் சிங்கம் குடிவந்தது 1985-இல். அதுவரை அது பட்டணத்தின் நடுவே, சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் மியூசியத்தில் ஆரம்பித்து, பிறகு அங்கே கொண்டுபோன உயிர்க்காலேஜ். தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கிவிட்டால் எல்லாமே நடக்கிற தூரம்: உயிர்க்காலேஜ், மூர் மார்க்கெட், ரிப்பன் பில்டிங், அதன் பின்னால் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். ஒரே டிக்கெட்டில் மிருகம், பழைய புத்தகம், ஃபுட்பால். அதே 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. பெயர் மட்டும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். வெளியூர் பஸ்கள் பிராட்வேயிலிருந்து 2002-இல் கோயம்பேடு போயின. 2023 டிசம்பர் கடைசியில் அங்கிருந்தும் கிளம்பி, எங்கள் பக்கம் கிளாம்பாக்கத்துக்கு வரத் தொடங்கின. இடம் போதாமல் போகும்போதெல்லாம் பட்டணம் எதையாவது தெற்கே அனுப்பிவைக்கும். ஸ்டேடியத்தை மட்டும் அனுப்பவில்லை.

அனுப்பியிருக்கவும் கூடாது. கும்மிடிப்பூண்டிப் பிள்ளையும் திருவள்ளூர்ப் பிள்ளையும் தாம்பரத்துப் பிள்ளையும் ஆளுக்கொரு ரயிலில் ஏறி, வேறு வண்டி மாறாமல் வந்து இறங்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே பெரிதாகக் கட்டலாமே என்று யாராவது பேசும்போது எனக்கு இந்த ரயில் பாதைகள்தான் நினைவுக்கு வரும். நகரத்தின் நடுவில் இருக்கிற அரங்கம் நகரத்தின் ஓரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அதிகம் உதவும். மயிலாப்பூர்க்காரருக்கு அது எங்கே இருந்தால் என்ன, ஆட்டோவில் போய்விடுவார்.

பெரியப்பா குரோம் லெதரில் வேலை பார்த்தவர். சேம்பர்ஸ் துரை ஆரம்பித்த அந்தத் தோல் ஆலையால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர். தோல் வியாபாரமெல்லாம் நடப்பது பெரியமேட்டில். கம்பெனி வேலையாக அங்கே போய் வந்து பழகியதில், பெரியமேட்டிலேயே இருந்த ஸ்டேடியமும் அவருக்குப் பழக்கம். சேப்பாக்கத்தில் நடந்துகொண்டிருந்த டெஸ்ட் மேட்சுகள் 1956-இலிருந்து 1965 வரைக்கும் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் நடந்தன. முதல் மேட்ச் நியூஸிலாந்தோடு, 1956 ஜனவரியில். வினு மன்காட் 231, பங்கஜ் ராய் 173, இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413. உலக சாதனை. 2008-இல் தென்னாப்பிரிக்காக்காரர்கள் இருவர் முறியடிக்கும் வரைக்கும் நின்றது. பெரியப்பா முதல் நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்று முழுக்க விக்கெட்டே விழவில்லை. “நல்லாத்தான் ஆடினாங்க. ஆனா பாரு, எனக்குச் சாயந்திரம் நாலு மணிக்கெல்லாம் போரடிச்சுப் போச்சு” என்பார். உலக சாதனையைப் பார்த்துக் கொட்டாவி விட்ட மனுஷர் என்று பெரியம்மா கேலி செய்வார்.

அந்த ஸ்டேடியத்தின் உள்ளே நடந்ததைவிட வெளியே இருந்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வட்டச் சுவரை ஒட்டிக் கடைகள். பந்து, வலை, கோப்பை, மெடல், பனியனில் நம்பர் அச்சடிப்பவர். எங்கள் வீட்டு கேரம் போர்டு அங்கே வாங்கியதுதான். பெரியப்பா அதைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்கி, பார்க் ஸ்டேஷனில் வண்டிக்குள் நுழைக்க முடியாமல் குறுக்கே திருப்பி, நெடுக்கே திருப்பி, கடைசியில் லக்கேஜ் பெட்டியில் மீன் கூடைக்காரம்மாவுக்குப் பக்கத்தில் நின்றபடி வந்தார். போர்டில் ரொம்ப நாள் கருவாட்டு வாசனை அடித்தது. பவுடர் போட்டுப் போட்டுத்தான் போனது.

பிற்காலத்தில் நான் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தபோது, அந்தக் கடைகள் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. ஸ்டேடியத்தைக் கட்டியவர்களில் யாரோ ஒரு விவரமான ஆள் இருந்திருக்கிறார். மேட்ச் இல்லாத நாளிலும் சுவர் சம்பாதிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். விளையாட்டு அரங்கம் என்பது வருஷத்தில் பெரும்பாலான நாள் காலியாகக் கிடக்கிற கட்டடம். டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பிக் கட்டினால் எந்த மேனேஜரும் அதற்குக் கடன் கொடுக்க மாட்டார். கடை வாடகை என்பது சின்னப் பணம், ஆனால் மாதா மாதம் வருகிற பணம். அது பொதுக் கணக்கில் போய்ச் சேராமல், அந்தச் சுவருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்று எழுதி வைத்தால்தான் அந்த யோசனைக்கு அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் நான் நானூறு மீட்டர் ஓடுவேன். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா நூற்றில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட பிறகு, தாம்பரத்தில் கால் நீளமாக இருந்த பெண் பிள்ளைகளையெல்லாம் பி.டி. டீச்சர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தடைகள் எங்கள் பள்ளியில் இல்லாததால் நான் தடை இல்லாமல் ஓடினேன். பயிற்சி, கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியில். சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, சிட்லப்பாக்கம் ஏரி எல்லாமே ஏப்ரல், மே மாதங்களில் எங்களுக்கு மைதானங்கள்தான். மழை வந்தால் சீசன் முடிந்தது.

போட்டிக்கு ஒரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனார்கள். எந்த ஊர், எந்த ஸ்டேடியம் என்று சொல்லப்போவதில்லை. அன்றைக்கு எல்லா இடமும் ஏறத்தாழ அப்படித்தான். கரிச்சாம்பல் போட்ட டிராக். விழுந்தால் முட்டியில் கருப்பாகக் கல் ஏறிக்கொள்ளும், டீச்சர் ஊசியால் எடுத்துவிட்டு ஊதா மருந்து தடவுவார். உடை மாற்ற அறை இருந்தது, பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். நாலு பெண்கள் ஒரு பெட்ஷீட்டை நாலு மூலையில் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒவ்வொருத்தியாக மாற்றிக்கொண்டோம். அடுத்த வருஷம் அதே இடத்துக்குப் போனபோது யாரோ பெரிய மனிதர் வந்து போயிருந்தார். கேலரி பளபளவென்று மஞ்சளும் நீலமுமாக இருந்தது, மேடைக்கு மேலே புதுக் கூரை. அறைப் பூட்டு அதே பூட்டு. பெட்ஷீட்டை நாங்களே கொண்டுபோயிருந்தோம்.

கல்யாணத்துக்கு வெள்ளையடிப்பது என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டல்லவா? பத்து வருஷமாக ஒழுகுகிற கூரையை யாரும் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றதும் மூன்றே வாரத்தில் வாசல், கூடம், திண்ணை எல்லாம் மின்னும். சமையலறைச் சுவர் மட்டும் கரி பிடித்தபடியே இருக்கும், சம்பந்தி அங்கே வர மாட்டார். நம் ஸ்டேடியங்களின் கதை முழுக்க அதுதான்.

கார்ப்பரேஷன் ஸ்டேடியம் நேரு ஸ்டேடியம் ஆகி, 1993-இல் புது உருவம் எடுத்தது. அந்த ஜனவரியில் நேரு கோப்பை கால்பந்து இங்கே நடந்தது. வட கொரியா ஜெயித்தது. ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து, 1995 டிசம்பரில் தெற்காசியப் போட்டிகள். பட்டணம் அதற்கு முன்னும் பின்னும் விளையாட்டுக்காக அப்படி இறைத்துப் பார்த்ததில்லை. எழும்பூரில் ஹாக்கிக்கு மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம், வேளச்சேரியில் நீச்சல் குளம், வீரர்கள் தங்கக் கோயம்பேட்டில் குடியிருப்பு. இன்றைக்கும் சென்னையில் எந்தப் பெரிய போட்டி நடந்தாலும் அநேகமாக அந்தச் சமயத்தில் எழும்பிய சுவர்களுக்குள்தான் நடக்கிறது. அதில் எங்களுக்கு ஆதாயம் வேளச்சேரிக் குளம். பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வர 2007 ஆகிவிட்டது. அதுவரை ஈர டவலைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தொங்கியபடி பிள்ளைகள் வருவார்கள்.

சேப்பாக்கம் கதை வேறு. அது அரசாங்கத்து நிலம்; குத்தகைக்கு வைத்திருப்பது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். 1865-இலிருந்து அங்கே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஆடிவந்தது, முதல் டெஸ்ட் 1934-இல். 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பார்த்ததும் அங்கேதான், அதிலும் மன்காட் பன்னிரண்டு விக்கெட். (பெரியப்பா அதற்குப் போகவில்லை. போயிருந்தால் போரடித்திருக்காது.) என் அண்ணன் 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு நடந்த மேட்சுக்குப் போனான், ‘டை’ ஆனதே அந்த மேட்ச். டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போன கதை உலகத்துக்கே தெரியும். அன்று கேலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் கதையை யாரும் எழுதவில்லை. அண்ணன் திரும்பி வந்தபோது முதுகில் கான்கிரீட்டின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஒரு துளி காற்று உள்ளே வராது.

அதைச் சரிசெய்யத்தான் 2009-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். லண்டன் ஹாப்கின்ஸ் நிறுவனமும் உள்ளூர்க் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து போட்ட வரைபடம். சுற்றி அடைத்த கிண்ணமாக இல்லாமல், தனித்தனி கேலரிகளாகப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டு, மேலே வெள்ளைக் கூடாரத் துணி. இடைவெளி வழியாகக் கடற்காற்று வருகிறது. 2011 உலகக் கோப்பைக்குத் தயாரானது. மெட்ராஸில் ஒரு கட்டடம் மெட்ராஸின் வெயிலை யோசித்துக் கட்டப்பட்டது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் ஐ, ஜே, கே என்று மூன்று கேலரிகள். சுமார் 12,000 இருக்கைகள். பக்கத்திலிருந்த கிளப் கட்டடத்துக்கும் இவற்றுக்கும் இருக்க வேண்டிய இடைவெளி இல்லையென்று முடிவுச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 2012-இலிருந்து எட்டு வருஷத்துக்கு மேல் பூட்டு. டி.வி.யில் பார்த்தால் மற்ற பக்கமெல்லாம் மஞ்சள் சட்டை, ஒரு பக்கம் வெறும் நாற்காலி. கோர்ட், கார்ப்பரேஷன், சி.எம்.டி.ஏ. என்று காகிதம் சுற்றியது. 2019 ஐ.பி.எல். இறுதிப் போட்டி சென்னைக்கு வந்திருக்க வேண்டியது, இந்தப் பூட்டினால் ஹைதராபாத் போனது. கிளப்பின் அந்த உடற்பயிற்சிக் கட்டடத்தை இடித்த பிறகு, 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து வந்தபோதுதான் அந்த நாற்காலிகளில் ஜனம் உட்கார்ந்தது. அஸ்வின் சொந்த மண்ணில் 106 அடித்த மேட்ச்.

எங்கள் பாஷையில் இதற்கு வாராக்கடன் என்று பெயர். முதல் போட்டாயிற்று, சொத்து கண்ணெதிரே நிற்கிறது, பைசா திரும்ப வரவில்லை. புதுப்பிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். கைக்கு வந்த பணம் ஒரு கையெழுத்துக்காக எட்டு வருஷம் தூங்கினால் என்ன செலவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. கிரிக்கெட் சங்கத்துக்கு டெலிவிஷன் பணம் இருந்ததால் தாங்கிக்கொண்டது. மறுபடியும் 139 கோடி ரூபாய் செலவில் பழைய அண்ணா பெவிலியன் பக்கத்தை இடித்துக் கட்டி, 2023 மார்ச் 17-ஆம் தேதி கலைஞர் பெயரில் புது கேலரியை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். ஐந்தே நாளில் ஆஸ்திரேலியாவோடு மேட்ச். தோற்றோம்.

நேரு ஸ்டேடியத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. தடகளத்தை யார் டி.வி.யில் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்? 2014-இல் ஐ.எஸ்.எல். வந்து, சென்னையின் எஃப்.சி. குடியேறி, 2015-இலும் 2018-இலும் கோப்பை வாங்கியபோது கேலரியில் டிரம் சத்தம் காதைப் பிளந்தது. வாடகைக்கு வருகிற அணிக்கு அரங்கம் ஒரு விலாசம்தான், நாளைக்கு விலாசம் மாறலாம். நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்தைப் பாருங்கள். 1997-இலிருந்து 2017 வரைக்கும் வருஷா வருஷம் அங்கே சென்னை ஓப்பன். ரஃபேல் நடால் வரைக்கும் ஆடிப் போனார்கள். 2018-இல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. அதே 2018-இல் காவிரிப் போராட்டத்தின்போது சூப்பர் கிங்ஸும் ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டுப் புனேவுக்குப் போனது, ரசிகர்கள் தனி ரயில் பிடித்துப் பின்னாலேயே போனார்கள். போட்டி போகும், அணி போகும். தூணும் குழாயும் இங்கேயே இருக்கும். நுங்கம்பாக்கத்துக்குச் சர்வதேசப் பெண்கள் டென்னிஸ் 2022-இல் வந்தபோதுதான் மறுபடியும் பெயிண்ட் வாடை அடித்தது.

தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்பார்கள். சிங்கப்பூரில் கொடுத்துப் பார்த்தார்கள். காலாங்கில் 1973-இல் திறந்த பழைய தேசிய அரங்கத்தை இடித்து, 2014-இல் ஸ்போர்ட்ஸ் ஹப் கட்டினார்கள். தனியார் கூட்டமைப்பே பணம் போட்டு, கட்டி, இருபத்தைந்து வருஷம் நடத்த வேண்டும் என்று ஒப்பந்தம். தேசிய தின அணிவகுப்பை அங்கே நடத்துவதற்கே கட்டணப் பேரம் நடந்து ஊர் முகம் சுளித்தது. 2022 டிசம்பரில் அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொண்டது. கணக்கில் புலியான ஊரிலேயே அப்படி. லாபம் பார்க்க வேண்டியவன் பாட்டுக் கச்சேரிக்குத்தான் தேதி கொடுப்பான், தாம்பரம் பள்ளிக்கூடத்து நானூறு மீட்டருக்கா கொடுப்பான்? அவனைக் குறை சொல்லி என்ன பயன்.

ஆகவே சுற்றிச் சுற்றி மறுபடியும் அரசாங்கம், மறுபடியும் விருந்தாளி. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா, நேரு உள்விளையாட்டரங்கம் ஜொலித்தது. 2023 ஆகஸ்டில் ஆசிய ஹாக்கி, எழும்பூரில் புது நீலத் தரை. பாரிஸ் ஒலிம்பிக்குக்கென்று தயாரித்த அதே ரகம், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் என்றார்கள். மலேசியாவை 4-3 என்று ஜெயித்த இரவு நான் அங்கே இருந்தேன். முன்பெல்லாம் ஆட்டத்துக்கு முன் தரையைக் குழாய் பீய்ச்சி நனைப்பதைப் பார்க்கும்போது எங்கள் தெருவில் லாரிக்குக் காத்திருக்கும் குடங்கள் மனதில் வந்து உறுத்தும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா, பிரதமரே வந்து நேரு ஸ்டேடியத்தில் தொடங்கி வைத்தார். நான் விருந்தாளிகளுக்கு விரோதி இல்லை. அவர்கள் வராவிட்டால் இந்தத் தரைகூட வந்திருக்காது. செயற்கைத் தரையோ ஓடுபாதையோ பத்து வருஷத்தை ஒட்டித் தேய்ந்துவிடும். விரிக்கிற அன்றைக்கே அடுத்ததற்கான பணத்தை ஒதுக்க ஆரம்பிக்க வேண்டும்.

எந்தத் தொழிலுக்கும் நாங்கள் இரண்டு விதமாகக் கடன் கொடுப்போம். இயந்திரம் வாங்க டெர்ம் லோன், தினம் ஓட்ட நடைமுறை மூலதனம். இரண்டாவது இல்லாமல் முதலாவதைக் கொடுத்தால் இயந்திரத்தில் ஒட்டடை படியும் என்பது பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற பாடம். ஸ்டேடியங்களுக்கு நாம் ஐம்பது வருஷமாக டெர்ம் லோனாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது ஒன்றும் நமக்குப் புது விஷயம் இல்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து கொஞ்ச தூரம் போனால் மாடம்பாக்கம், அங்கே தேனுபுரீசுவரர் கோயில், சோழர் காலத்தது. அந்தக் காலத்துக் கோயில்களில் அணையா விளக்கு வைக்க விரும்புகிறவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. ஆட்டை இடையரிடம் ஒப்படைத்துவிடுவார்கள், அவர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகலாம், குட்டி அதன் இடத்துக்கு வரும், மந்தையின் கணக்கு மட்டும் குறையக் கூடாது. நெய்க்கு வழி பண்ணாமல் விளக்கைத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொண்ட ராஜா ஒருவரும் இல்லை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. நாற்பது சதவீதம். தாம்பரத்துப் பையன் ஒருவன் சேப்பாக்கத்தில் விசில் அடித்துவிட்டு நடுராத்திரி ரயில் பிடித்து வருவதற்குள் அரசாங்கத்துக்குக் கொடுத்திருக்கிற தொகை கொஞ்சமல்ல. அதில் மாநிலத்தின் பங்கில் ஒரு துளியை ஸ்டேடியங்களின் பராமரிப்புக்கென்றே ஒரு வைப்புநிதியாகப் போட்டு, வட்டியை மட்டும் எடுப்பது என்று வைத்தால் போதும். கம்பெனிகளின் நன்கொடையை வாங்கி வீரர்களுக்குக் கொடுக்கத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023-இல் வந்தது, நல்ல காரியம். ஆனால் எந்தக் கம்பெனியும் தன் பெயரைக் கழிவறைக் கதவில் போடச் சொல்லி நன்கொடை கொடுக்காது. அந்தச் செலவு வரிப் பணத்தில்தான் நடக்க வேண்டும்.

2021 நவம்பரில் தாம்பரமும் மாநகராட்சி ஆகிவிட்டது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம் எல்லாம் ஒரே குடைக்குள். நான் ஓடிப் பழகிய ஏரிகளுக்குக் கரை உயர்த்தி நடைபாதை போடுகிறார்கள், நியாயம்தான், ஏரி தண்ணீருக்காகத்தானே. பிள்ளைகளுக்கு வேறு இடம் வேண்டும். கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கரை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு கட்டிக்கொண்டிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில், செம்மஞ்சேரியில், உலகத் தரத்தில் விளையாட்டு நகரம் என்று திட்டம் அறிவித்திருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது எல்லோரும் எப்போது திறப்பார்கள், மெட்ரோ வருமா, வீட்டு விலை ஏறுமா என்று கேட்டார்கள். நான் எழுந்து, அங்கே பிளம்பருக்கும் வாட்ச்மேனுக்கும் சம்பளம் எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறார்கள், பெண்கள் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். செயலாளர் மினிட்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.